கரகரப்புக்காரன்

தியாகராய நகரில், அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மேலே மொட்டைமாடியில் பிற்பகல் வெயில் வெள்ளையாய் நிற்கிறது. செல்வக்கனி துணி காயும் கொடிக்கம்பியிலிருந்து ஒரு செப்புக் கம்பியை இழுத்து டிரான்சிஸ்டரின் ஏரியலில் சுற்றிவிட்டு, காதைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறாள். கடல் தாண்டி வரும் ராக் பாட்டு மேலெழுவதும் அமுங்குவதுமாக இருக்கிறது. பாடுகிறவனின் பெயரை அறிவிப்பாளர் சொல்லும்போதெல்லாம் இரைச்சல் விழுங்கிவிடும்; அதனால் அவளே கரகரப்புக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறாள். இந்தப் பாட்டையெல்லாம் பூனைச் சண்டை என்று சொல்லும் அம்மா தங்கபுஷ்பம், ஈரச் சேலையை உதறிப் போட்டுக் கொடிக்கம்பியைப் பிடிக்கிறாள். சட்டென்று, பக்கத்து மாடியில் வாசிப்பதுபோல் கிதார் தெளிகிறது. “எம்மா, கையை எடுக்காத!” அம்மா தூக்கிய கையோடு அப்படியே நிற்கிறாள். முழங்கை வழியே நீர் சொட்டுகிறது. சற்றுப் பொறுத்து அவள் கால் பெருவிரல் தரையில் லேசாகத் தட்டுகிறது. பாட்டு முடிகிறது. அறிவிப்பாளர் பேசத் தொடங்க, செல்வக்கனி மூச்சை அடக்கிக்கொள்கிறாள். “யாருட்டி இவன்? நல்லாத்தான் பாடுதான்!” என்கிறாள் அம்மா, உரக்க, பெயர் வருகிற அதே நொடியில். அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது. அம்மா இன்னும் கம்பியை விடவில்லை. பதிலுக்காகப் பார்க்கிறாள். “கரகரப்புக்காரன்மா” என்கிறாள் செல்வக்கனி.