இடது கடைவாய்

"இடது பக்கம் மட்டும்தாம்மா சொத்தை. வலது பக்கம் பளிச்சுனு இருக்கு," என்றார் பல் டாக்டர்.

நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடந்தவன் என் தம்பி மகன். ஐந்து வயது. காலையிலும் ராத்திரியிலும் அவனுக்குப் பல் தேய்த்துவிடுவது நான்தான். பட்டாணி அளவு பேஸ்ட், முழுசாக இரண்டு நிமிடம். ஒரு நாள் தவறியதில்லை. அதனால் எனக்குச் சுருக்கென்றது.

"எல்லாம் இவன் அம்மா வேலை டாக்டர். சாக்லேட்டா வாங்கிக் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கா."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார். சாக்லேட் என்றால் இப்படி ஒரு பக்கம் மட்டும் போகாதாம். சோற்றை முழுங்காமல் ஒரே கன்னத்தில் அதக்கி வைத்து வைத்து வந்ததாம் இது. கடைவாய்ப் பல் ஒன்றை இன்றைக்கே எடுத்தாக வேண்டும், பக்கத்துப் பல்லை அடைத்துப் பார்க்கலாம் என்றார்.

பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போவதுதானே என்று இழுத்தேன். இப்படி வயதுக்கு முன்னால் போனால் பின்னால் வருவது கோணல்மாணலாக வரும், மிச்சப் பல்லையாவது காப்பாற்ற வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டார்.

பிறகு, யார் ஊட்டுகிறீர்கள் என்று கேட்டார்.

காலையிலும் ராத்திரியிலும் நான். என் கையால் ஊட்டினால் ஐந்தே நிமிடம், தட்டு காலி. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். மதியம் மட்டும் அவன் அம்மா.

தம்பிக்கும் அவளுக்கும் ஒத்துவராமல் போய் ஒரு வருடம் ஆகிறது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியதில் பிள்ளை எங்களிடம் என்று முடிவானது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வந்து பிள்ளைக்கு ஊட்டலாம். ஊட்டி முடித்த கையோடு கிளம்பிவிட வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை நான் போட்டது. அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவள் ஊட்டினால் முக்கால் மணி நேரம் ஆகும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு "இன்னுமா ஆகல?" என்று நான் குரல் கொடுக்காத நாளே கிடையாது. எட்டிப் பார்த்தால் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அம்மாவைக் கண்டதும் கொழுப்பு ஏறிவிடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

டாக்டர் அவன் பக்கம் குனிந்தார். "ஏன் ராஜா, சோத்த முழுங்காம வாயிலயே வச்சுக்கற?"

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு மேலே இருந்த விளக்கைப் பார்த்துச் சொன்னான்.

"முழுங்கிட்டா அம்மா போயிடுவாங்க."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அப்படியானால் என்னிடம் ஐந்தே நிமிடத்தில் முழுங்கித் தொலைத்தது எதற்காக? அதைத்தானே இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்! வயிறு எரிந்தது. பிள்ளையை நினைத்துப் பாவமாக இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. இல்லை. அது பொறாமை.

"சாப்பாடு இருபது நிமிஷத்துல முடியணும், முடிஞ்சதும் வாய் கொப்பளிக்கணும்," என்றார் டாக்டர். "அதுக்கு ஒரே வழிதான். சாப்பாடு முடிஞ்ச பிறகும் அவங்கம்மாவக் கொஞ்ச நேரம் கூட இருக்கச் சொல்லுங்க. தானா முழுங்குவான்."

"சரிங்க டாக்டர்," என்றேன்.

மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லை எடுத்தார். அவன் சத்தம் போட்டு அழவில்லை. என் விரலைப் பிடித்த பிடியை மட்டும் விடவே இல்லை. வீடு அடுத்த தெருதான். விரலைப் பிடித்தபடியேதான் நடந்து வந்தான். எனக்கு அது போதும் போலிருந்தது.

வாசலில் அவன் அம்மா நின்றிருந்தாள். வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் முகமெல்லாம் வியர்வை.

அவளைப் பார்த்ததும் அவன் என் விரலை உதறிவிட்டு ஓடினான். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"ரொம்ப வலிச்சுதா தங்கம்?" என்று அவன் தலையைத் தடவினாள். என் பக்கம் திரும்பினாள். "டாக்டர் என்ன அண்ணி சொன்னாங்க?"

உள்ளதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக.

"இனிமே மதியமும் நானே ஊட்டணுமாம். நீ ஊட்டி ஊட்டித்தான் பல்லு இந்தக் கதிக்கு வந்துச்சாம். நீ வராம இருக்கறதுதான் பிள்ளைக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. தன்னால்தான் பிள்ளையின் பல் போனது என்று அப்படியே நம்பிவிட்டாள்.

இடுப்பைச் சுற்றியிருந்த அவன் கைகளை மெல்லப் பிரித்தாள். "அத்தை ஊட்டினா சமத்தா சாப்பிடணும், என்ன?" என்றாள்.

அவன் என்னையே பார்த்தான். டாக்டர் சொன்ன அத்தனையையும் அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு கேட்டவன். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தானே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை.

பல் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்திருந்தது. அரை மணி நேரத்துக்கு வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் அவனிடம் சொல்லியிருந்தார்.

அது அவர் நிஜமாகவே சொன்னது.