திருத்தம் சார்

“இப்படியே போனா உங்களைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது, சொல்லிட்டேன்!”

ஹாலில் உட்கார்ந்து போனில் மிரட்டிக்கொண்டிருந்தவர் போலீசும் இல்லை, வக்கீலும் இல்லை. அட்டைப்பெட்டிப் பட்டறை ஒன்றின் முதலாளி. சிறுதொழில் முதலாளிகள் சங்கத்தில் இலவச ஆலோசனைக்கென்று ஒரு போன் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவர் வீட்டுக்கு வந்துவிடும்.

தொழிலாளர் சட்டம் மாறுகிற வேகத்தில் மற்ற முதலாளிகளுக்குத் தலை சுற்றியது. இவரோ புதுத் திருத்தம் வெளியானால் அன்றைக்கே அடிக்கோடு போட்டுப் படித்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைப்பார். சங்கத்தில் ‘திருத்தம் சார்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

“எங்கிட்ட ரெண்டே பேர்தானே சார் வேலை பாக்கறாங்க? எனக்கெல்லாமா சட்டம்?” என்று இழுத்தார் எதிர்முனையில் இருந்த பேக்கரிக்காரர்.

“அது பழைய கதை. புதுத் திருத்தத்துல ஒரே ஒரு ஆளை வேலைக்கு வச்சிருந்தாலும் வார லீவு, சம்பளத்தோட வருஷ லீவு, நடுவுல ஓய்வு, எல்லாம் குடுத்தாகணும். தூங்கிக்கிட்டே தொழில் நடத்தினா எப்படி?”

பேக்கரிக்காரர் போனை வைத்தார். டீப்பாய் மேல் காபி வந்திருந்தது. திருத்தம் சார் நிமிர்ந்து பார்க்காமலே எடுத்துக் குடித்தார். சர்க்கரை அவர் வாய்க்கு அளவாக இருந்தது.

மறுபடியும் போன் அடித்தது.

“ஐயா, வேலைச் சட்டம் பத்திக் கேக்கணும்.” ஒரு பெண் குரல், ரகசியம் பேசுவதுபோல் தணிந்து வந்தது.

“இது முதலாளிங்களுக்கான நம்பர்மா. உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?”

“நோட்டீஸ்ல பாத்தேங்க. தப்புன்னா வச்சிடறேன்.”

“சேச்சே, சொல்லுங்க. சட்டம் எல்லாருக்கும் பொதுதானே.” இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போயிற்று.

“என் பொண்ணுக்குத் தலைப்பிரசவங்க. இந்த வாரத்துக்குள்ள ஆயிடும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. என்னை விட்டா அவளுக்கு யாருமில்லை. ஒரு பத்து நாள் லீவு கேட்டேன், முடியவே முடியாதுன்னுட்டாங்க.”

அடுக்களையில் மிக்ஸி ஓடிய கூச்சலில் பாதி வார்த்தைகள் காதில் விழவில்லை. “யாரது? நிறுத்துங்க அதை! இங்க சட்டம் பேசிக்கிட்டிருக்கேன்ல!” என்று உள்பக்கம் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

“ஒரு நிமிஷங்கய்யா” என்றாள் அவள். மிக்ஸி நின்றது. “ம், சொல்லுங்கய்யா” என்று அவளும் வந்துவிட்டாள்.

“முடியாதுன்னது யாரு, உங்க முதலாளியா?”

“அவரு சம்சாரங்க. ஆளை வைக்கிறது, வேலை சொல்றது எல்லாம் அவங்கதான். ஐயாகிட்ட நான் இதுவரைக்கும் நின்னு பேசினதே இல்லைங்க.”

“எவ்வளவு காலமா அங்க இருக்கீங்க?”

“இந்தப் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல விட்ட வருஷம் சேந்தேங்க.”

“அடேயப்பா! சரி, வார லீவு எந்தக் கிழமை?”

“அப்படி ஒண்ணு கிடையாதுங்க.”

“என்னம்மா சொல்றீங்க? இன்னிக்கு ஞாயித்துக்கிழமை!”

“இன்னிக்கும் வேலையிலதாங்க இருக்கேன்.”

திருத்தம் சாருக்கு ரத்தம் கொதித்தது. அவர் பட்டறையில் ஓய்வு நேரத்துக்கென்று தனி மணி அடிப்பார்கள். நின்று ஒட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்டூல்கூட வாங்கிப் போட்டிருக்கிறார். இந்தக் காலத்திலும் இப்படி ஒருவனா என்று மனசார வருந்தினார். இவனைப் போன்றவர்களால்தான் முதலாளி என்றாலே ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள்.

“அவனெல்லாம் ஒரு மனுஷனாம்மா?”

“அப்படிச் சொல்லாதீங்கய்யா. நல்லவருதான். கவனிக்கறதில்லை, அவ்வளவுதாங்க.”

“கவனிக்காம இருக்கறதும் குத்தம்தான். நீங்க நாளைக்குக் காலையிலேயே பொண்ணுகிட்ட கிளம்புங்க. பத்து நாளும் சம்பளத்தோட லீவு. வேலை நடக்கணும்னா அந்தம்மா எழுந்து செய்யட்டும், இல்ல அந்த ஆள் செய்யட்டும். திரும்பி வந்தா அதே வேலை உங்களுக்கு உண்டு.”

“நான் சொன்னா எடுபடுமாங்க?” என்றாள் அவள். “வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னா, கைக்குழந்தையோட வர்ற பொண்ணை வச்சுக்கிட்டு நான் எங்கய்யா போவேன்?”

இதைக் கேட்டதும் திருத்தம் சார் காபி டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்றேன். மாட்டேன்னு அவன் வாயைத் திறந்தா புகாரை என் கையாலயே எழுதிக் குடுக்கறேன். இது சத்தியம்மா! யாரா இருந்தாலும் சரி, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, விடமாட்டேன். இப்பவே பேசிடலாம். அந்த ஆள் எங்க இருக்கான்?”

அந்தப் பக்கத்திலிருந்து அவள் மெல்லச் சொன்னாள்.

“இதோ, ஹால்ல உக்காந்து எங்கூட போன் பேசிக்கிட்டிருக்காருங்க.”