விட்டுவைத்த செடி

“முதல் வெட்டு இன்னும் விழல அண்ணாச்சி. உங்களுக்குன்னுதான் ஒரு செடிய விட்டு வச்சிருக்கோம்” என்றார் சிரமதானக் குழுவின் மசூது.

திருமலையப்பருக்கு ஒன்றும் புரியவில்லை. சாரலில் நனைந்த மேய்ச்சல் தரை முழுக்க உண்ணிச்செடியை வெட்டி ஆள் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். முதல் வெட்டு விழவில்லையாமே!

கிணறோ குளமோ, ஊர்ப் பொதுவில் எந்த வேலை தொடங்கினாலும் முதல் வெட்டு அவருடைய மச்சுவீட்டுக் குடும்பத்தார் கையால்தான். பாட்டனார் காலத்து வழக்கம். திருமலையப்பர் ஆலங்குளத்தில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் தங்கியிருந்த நேரம் பார்த்து, கூலி வாங்காமல் ஊர் வேலை செய்யும் இந்தச் சிரமதானக்காரர்கள் அரிவாளைத் தூக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில் சண்டைக்கு வந்திருந்தார்.

“அப்ப இது என்னலே? கதிர் அறுப்பா?”

“இது புல்லு மூச்சு விடட்டும்னு செஞ்சது” என்றாள் மாடு வளர்க்கும் உலகம்மை. “இந்தச் செடியத் தின்னு என் பசுவுக்குத் தோலு உரிஞ்சு போச்சு. மிளா மானும் மேய இடமில்லாம வயலுக்கு இறங்குது. ஒரு குட்டி கிணத்துல விழுந்து, இவங்கதான் கயிறு கட்டித் தூக்குனாங்க.”

“மிளா கெடக்கட்டும். எங்க குடும்ப மரியாதைக்கு என்ன பதிலு?”

“அந்த உரிமை ஒம்ம குடும்பத்துக்குத்தான்வே. வேற எவனுக்கும் பாத்தியதை கிடையாது” என்றது ஒரு குரல்.

திருமலையப்பர் திகைத்துத் திரும்பினார். இசக்கிப்பாண்டி! கோயில் பரிவட்டம் யாருக்கு என்று வருஷந்தோறும் அவரோடு மல்லுக்கு நிற்கிறவர். அவர் வாயிலிருந்தா இந்த வார்த்தை?

“என்னவே, அந்தச் செடிக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கோ?”

“குளவியும் இல்ல, பாம்பும் இல்ல. செடி ஜோரா நிக்குது.”

“எங்கன நிக்குது?”

கண்ணுக்கு எட்டிய மட்டும் பார்த்தார். ஒரு செடியும் நிற்கவில்லை.

“காலையில உங்க வீட்டுக்கு வாறோம் அண்ணாச்சி. மேளம் வேணுமா?” என்று கேட்டார் மசூது.

கேலியோ என்று அவர் முகத்தை உற்றுப் பார்த்தார் திருமலையப்பர். கேலி இல்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது போலப் பட்டது. அது ஏன் என்றும் விளங்கவில்லை.

“மேளம் இல்லாம எங்க வீட்டார் அருவாளத் தொட்டதில்ல” என்று முதுகை நிமிர்த்திச் சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் காலை மச்சுவீட்டு வாசலில் ஊரே கூடிவிட்டது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு புது அரிவாள். தலைப்பாகை கட்டி வந்த திருமலையப்பர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கித் தெருவில் இறங்கி நடந்தார்.

பின்னால் மேளம் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை.

“எங்க போறீங்க அண்ணாச்சி?”

“இது என்ன கேள்வி? செடி வெட்டத்தான். வழியக் காட்டு.”

மசூது தொண்டையைச் செருமிக்கொண்டார். “நாங்க வெட்ட வெட்ட மறுபடி முளைச்சுக்கிட்டே இருந்துச்சு. குருவி எங்கன பழத்தத் தின்னுட்டு வந்து விதையப் போடுதுன்னு, அது பின்னாலேயே போய்ப் பார்த்தோம்.”

அத்தனை பேர் கண்களும் ஒரே பக்கம் போயின. குற்றாலத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து திருமலையப்பருடைய அப்பா வாங்கி வந்து, ‘துரைப்பூ’ என்று பெயர் சொல்லி, ஊரே வாய் பிளக்க மச்சுவீட்டு வாசலில் நட்டு வளர்த்த பூவேலியில், மஞ்சளும் சிவப்புமான உண்ணிப்பூக்களுக்கு நடுவே குருவிகள் பழம் கொத்திக்கொண்டிருந்தன.

“வெட்டும்வே, உரிமை ஒம்மது” என்று இசக்கிப்பாண்டி விலகி வழிவிட்டார்.