பெரிய சக்கரம் பூண்ட சிவப்புக் கார்

தரையோடு தரையாகத் தாழ்த்தப்பட்டிருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரே கனவு. எசமானர் இளம்பரிதியின் மனைவி மணிமொழிக்கு இது நிறைமாதம். பிறக்கும் குழந்தையைத் தானே வீட்டுக்கு அழைத்துவர வேண்டும்.

"இந்தக் கட்டைக் கால்களோடா அழைத்துவருவது? பெரிய சக்கரங்கள் வேண்டும்!" என்று அது நொந்துகொண்டது.

"அக்கா, எங்களுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான் மிச்சம். ஆள் ஏறினால் நீங்கள் அமிழ வேண்டாமா?" என்றன சக்கரங்கள்.

"வயிற்றெரிச்சல்!" என்று கார் சிரித்தது.

இளம்பரிதிக்கும் அதே ஆசைதான். பெரிய சக்கரங்கள் பூட்டப்பட்டன. அவர் தனியே ஓட்டிப் பார்த்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது.

வலி கண்ட அன்று மணிமொழியும் ஏறி அமர்ந்தார். கார் அமிழ்ந்தது; புறப்பட்டதும் டயர் மட்கார்டில் உரசி, ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது.

"ஐயோ, என்னை அறுக்கிறாயே!" என்று அலறியது மட்கார்டு.

"என் அளவே இதுதான் அம்மா. நான் எங்கே ஒதுங்குவேன்?" என்றது புதிய சக்கரம்.

"கொஞ்சம் பொறுங்கள், இருவரும்! இன்று ஒரு நாள்!" என்று கார் கெஞ்சியது. உரசல் நிற்கவில்லை.

மணிமொழி பல்லைக் கடித்தபடி இறங்கினார். இளம்பரிதி ஆட்டோவைக் கைதட்டி அழைத்தார்.

நான்காம் நாள் குழந்தையும் ஆட்டோவிலேயே வந்தது. வாசலில் நின்ற காரைக் கடந்து அவர்கள் உள்ளே சென்றார்கள்.

"அடடா, என்ன மிடுக்கு!" என்று வழிப்போக்கர் ஒருவர் நின்று வியந்தார். கார் அவரைக் கவனிக்கவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் கேட்ட பிஞ்சுக் குரலுக்குக் காது கொடுத்து நின்றது.