வள்ளம் நின்ற நேரம்

மட்டாஞ்சேரி படகுத்துறையில் மாலை வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருக்கிறது. கிட்டங்கிகளிலிருந்து சுக்கின் நெடி வருகிறது. எங்கேயோ டிரான்சிஸ்டர் பாடுகிறது. ஓய்வுபெற்ற பின் வரையக் கற்றுக்கொள்ளும் நான், காயலையும் அக்கரைத் தென்னைகளையும் தாளில் கொண்டுவந்துவிட்டேன். நடுவில் நிற்கும் வள்ளம்தான் பாக்கி. அதற்குள் வள்ளக்காரர் வறீது கயிற்றை அவிழ்க்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. தூரிகையைக் கீழே வைக்கிறேன். பக்கத்தில் குடை பிடித்திருக்கும் என் மனைவி சீதாலக்ஷ்மி, “கேட்டா மானம் போயிடுமாக்கும்!” என்கிறாள். உடனே துறை முழுக்கக் கேட்கும்படி, “வறீது சேட்டா, கொஞ்சம் நில்லுங்கோ! இவர் வள்ளத்தை வரையறார்!” என்று கூவுகிறாள். என் காது சுடுகிறது. வறீதோ சிரித்துக்கொண்டே கயிற்றை மறுபடி கட்டி, கழியை ஊன்றி, போட்டோவுக்கு நிற்பதுபோல் மார்பை விரித்து நிற்கிறார். அலையில் வள்ளம் ஆடுகிறது, அவர் அசையவில்லை. வள்ளம் முழுதாகத் தாளுக்கு வந்து சேர்கிறது. மனிதர்களை வரைய நான் இன்னும் பழகவில்லை. அவருக்காக ஒரு பழுப்புக் கோடு மட்டும் இழுக்கிறேன். “சாமீ, என்றெ மீச வந்தோ?” என்று அங்கிருந்தே கேட்கிறார். “வந்தாச்சு சேட்டா, ரொம்ப உபகாரம்” என்கிறேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவசரமாகத் தூரிகையை நனைத்து, முகமில்லாத அந்தக் கோட்டின் மேல் மீசையை வைக்கிறேன்.