நாற்பத்தெட்டு ஆஸ்திரேலியா

உள்ளறையில் ரேடியோ கரகரவென்று பேச ஆரம்பித்தது. சென்னையில் நடக்கும் டெஸ்ட் மேட்ச்.

முன்னறையில் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்த உசேன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்புகிறவரை யாரும் ரேடியோவைத் தொடக்கூடாது என்று மனைவி ஜான் பீ காலையிலேயே துணி போட்டு மூடியிருந்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் உசேன் தங்கமான மனிதர்தான். கிரிக்கெட் என்று வந்துவிட்டால் ஆளே வேறு. நாற்பத்தெட்டாம் வருஷம் இங்கிலாந்துக்குப் போய் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் திரும்பிய ஆஸ்திரேலியாவுக்கு ஈடாக எந்தக் காலத்திலும் ஒரு அணி கிடையாது என்பார். இல்லையென்று யாராவது வாயைத் திறந்தால் தீர்ந்தது. மகள் ஜுபைதாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் அப்படித்தான் முறிந்தன.

இரண்டு முறையும் ஜுபைதா சிரித்துக்கொண்டே சொன்னது ஒன்றுதான். "போனா போவுதுங்க அத்தா, நான் டீச்சர் ட்ரெயினிங் படிக்கிறேன்."

குழந்தை வருத்தத்தை மறைக்கிறது என்று உசேன் உள்ளுக்குள் அழுதார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் அப்துல் சுபான், தர்மபுரியில் தோல் வியாபாரி. வர்ணனையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது வந்திருக்கும் வெஸ்ட் இண்டீஸ் மாதிரி ஒரு அணி இதுவரை பிறக்கவே இல்லை என்றார். ஆஸ்திரேலியாவா? அப்போது இங்கிலாந்தே யுத்தத்தில் நொந்து கிடந்தது, படுத்துக் கிடந்தவனை அடித்ததெல்லாம் ஒரு வெற்றியா என்றார்.

உசேனின் காது சிவந்தது. பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஜுபைதாவின் நிழல் தெரிந்தது.

மகளை நினைத்துக்கொண்டார். விழுங்கினார்.

"நீங்க சொல்றதுதானுங்க சரி. வெஸ்ட் இண்டீஸ்தான் பெருசு."

அப்துல் சுபானுக்கு வாயெல்லாம் பல். நிக்காஹ்வுக்கு நாள் குறித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த உசேனுக்கு மனசு நிறைந்திருந்தது. ஆஸ்திரேலியாவையே மகளுக்குச் சீராகக் கொடுத்துவிட்ட மாதிரி ஒரு பெருமை.

ஜுபைதா ரேடியோவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதை மூடியிருந்த துணி அவள் மடியில் கசங்கிக் கிடந்தது. அழுதிருந்தாள்.

"இத்தன நாளும் யாருக்கும் விட்டுக் குடுக்கலயே, இன்னைக்குன்னு பாத்து எதுக்குங்க அத்தா விட்டுக் குடுத்தீங்க?"