விற்பனைக்கு வைத்த மேஜை

காலை வெயில், அண்ணனும் தங்கையும் நடத்தும் விளம்பர நிறுவனத்தின் வரைமேஜை மேல் சாய்ந்து கிடக்கிறது. இருபது வருடத்து பிளேடு கோடுகள். நடுவில், முதல் குடை விளம்பரம் வரைந்தபோது சிந்திய நீல மையின் கறை. அதை அண்ணன் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருக்கிறார். ஓரத்தில் 'விற்பனைக்கு' என்று தங்கை ஒட்டிய சீட்டு. இனி எல்லாம் கைபேசியில்தானாம். விளம்பரம் கொடுக்கலாமா என்று பார்க்க வந்திருக்கும் சோப்புக்காரம்மா, சோப்பைத் தங்கை வெள்ளைத் துணியில் வைத்து எடுத்த படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். சோப்பை எடுத்து அந்த நீலத்தின் மேல் வைக்கிறார். "இதுல எடும்மா. இப்பத்தான் கையால செஞ்ச சோப்பு மாதிரி இருக்கு. இப்படியே எடுத்தீங்கன்னா வருஷம் முழுக்க விளம்பரம் உங்களுக்குத்தான்." தங்கை கைபேசியோடு குனிகிறாள். "அண்ணே, சீட்டு படத்துல விழுது." "ஒட்டுனது நீதானே, நீயே பிச்சு எடு." அவள் நகத்தால் சுரண்டுகிறாள். பழைய கோடுகளோடு புதிதாக ஒன்று விழுகிறது.